எஞ்சினியரம்மா வீட்டுக்கு வந்த ஜாஹா

ரம்தாவில் கடல் கிடையாது. படகு விட ஒரு குளம்கூடக் கிடையாது. ஆனாலும் எல்லை தாண்டி பக்கத்து நாட்டு ஊரான தர்ஆவுக்குக் காரோட்டிப் பிழைத்தவர்களை அந்த ஊரில் மாலுமிகள் என்றுதான் சொல்வார்கள். காலையில் போய், மத்தியானத்துக்குள் இனிப்பும் சோப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு திரும்பி, சாயங்காலம் மறுபடி ஒரு நடை போவார்கள். அந்த மாலுமிகளில் பேர் எடுத்தவர் ஹாயில். பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதிலேயே சலாம் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். யாருடைய தயவும் இல்லாமல் வீடு கட்டினார். அந்தத் தலைமுறை அப்படித்தான். இப்போது அப்படிப்பட்ட ஆட்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

ஹாயிலுக்குப் பிறந்ததெல்லாம் பெண்கள். பையன் இல்லாத ஆளை அங்கே மரியாதைக்காக ‘அபூ முஹம்மத்’ என்று கூப்பிடுவார்கள், பிறக்காத பையனின் பேரை வைத்து. ஹாயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இல்லாதவன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடாதே, இருக்கிறவள் பேரைச் சொல் என்று காப்பிக் கடையிலேயே சண்டை போட்டார். அன்றிலிருந்து அவர் அபூ ருவைதா. மூத்த மகள் ருவைதாவின் தகப்பன். முதலில் சிரித்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள்.

ருவைதா சின்ன வயதில் அப்பாவின் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து தர்ஆவுக்குப் போய் வந்தவள். எந்த மூட்டை எங்கே வைத்தால் வண்டி சாயாது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் சண்டை மூண்டு பாதை மூடி மாலுமிகள் வீட்டில் உட்கார்ந்த வருஷத்தில் அவள் பக்கத்து நகரமான இர்பிதில் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போன இடத்திலும் மேஜைகளில் பெண்கள் நிறைய இருந்தார்கள். தனி அறைக் கதவுகளில் மட்டும் ஆண்கள் பேர். அது ஏன் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. செய்துவிட்டு நிற்கிற சுபாவம்தான்.

அவள் இர்பிதில் சேர்ந்த கம்பெனி, செல்போன் வழியாகத் தண்ணீர் லாரி கூப்பிடுகிற ஏற்பாட்டை நடத்தியது. குழாயில் வாரத்துக்கு ஒரு முறை வருகிற தண்ணீர் யாருக்குப் போதும்? மாடித் தொட்டி வற்றியதும் போனை எடுப்பார்கள். எந்த லாரி எந்தத் தெருவுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்து ஓட்டுநருக்குச் சொல்லும். அந்தக் கணக்குகளையெல்லாம் எழுதிக் காத்த கூட்டத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். அவர் வளைகுடாவுக்குப் போனதும் அம்மானில் இருந்த முதலாளி இஹாப் அந்த நாற்காலியை ருவைதாவுக்குக் கொடுத்தார். நல்ல ஆள் கிடைக்கும் வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தாளிலும் ‘தற்காலிகத் தலைவி’ என்றே இருந்தது. ருவைதா அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். தன்னைவிட மூத்த ஆண்கள் அவள் சொல்லைக் கேட்டு வேலை செய்தார்கள். சிலர் முகத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு செய்தார்கள், ஆனாலும் செய்தார்கள். அலுவலகத்தில் அவளுக்கு எஞ்சினியரம்மா என்று பேர் நின்றது.

அவள் போட்ட விதிகளில் ஒன்று, பெருநாள் வாரத்தில் யாரும் கணக்கில் கை வைக்கக்கூடாது என்பது. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று வீட்டுக்கு வீடு ஆடு அறுப்பார்கள். முற்றம் கழுவ வேண்டும், குளிக்க வேண்டும், விருந்தாளிகள் வருவார்கள். அன்றைக்குத் தண்ணீர் இல்லாத வீட்டின் வாயில் நல்ல வார்த்தை வராது.

அந்த வருஷம் அதேதான் நடந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் இர்பிதின் கிழக்குப் பக்கத்தில் சில தெருக்களுக்கு லாரி இரண்டு தடவை போய்த் தொட்டி நிரம்பி வழிந்தது. பக்கத்துத் தெருக்களுக்கு ஒரு லாரியும் போகவில்லை. பெருநாள் காலையில் ரத்தம் காய்ந்த முற்றங்களோடு ஜனங்கள் போனில் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். ருவைதா பெருநாள் உடுப்போடு அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கைப் பழையபடி திருப்பினாள். யாரோ முந்தின நாள் ஒரு மாற்றத்தைச் சோதித்துப் பார்க்காமல் உள்ளே விட்டிருந்தார்கள். அதில் இருந்த பேர் அப்ரார்.

அப்ரார், ஹுஸ்ன் அகதி முகாமில் ஃபலாஃபில் என்கிற கொண்டைக்கடலை வடைக் கடை வைத்திருப்பவரின் மகள். புதிதாகச் சேர்ந்தவள், வாயில்லாப் பூச்சி. ருவைதா கேட்டபோது அவள் சொன்னாள், “என் பேருதான் இருக்கு எஞ்சினியரம்மா. ஆனா அந்த நேரத்துல நான் வீட்ல பெருநாள் பலகாரத்துக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

லீவு என்றும் பார்க்காமல் ருவைதா எல்லாரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு வைத்துக் கேட்டாள். சுஹைப் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். அந்தக் கூட்டத்தில் வேகமான மூளை அவனுடையது; குடும்பமும் பெரிய குடும்பம். லீவுக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று பார்த்தானாம். அப்ராரின் கம்ப்யூட்டர் அவள் பேரிலேயே திறந்து கிடந்ததாம். “எனக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு இருக்கு. அவளுக்கு என்ன, புதுசு. ரெண்டு திட்டு வாங்குவா, மறந்துருவீங்க” என்றான்.

மாற்றத்தை விட்டதற்காக மட்டும் என்றால் ருவைதா அவனைத் திட்டியிருப்பாள், அவ்வளவுதான். அவள் சொன்னது ஒரே வரி. இனி வேலைக்கு வர வேண்டாம் என்றாள். ஏன் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்ரார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெருநாள் விருந்துகள் முடிவதற்குள் ஹாயிலின் அண்ணன் அபூ ஸக்ர் போன் செய்தார். குடும்பத்துக்கு வாய் அவர்தான். பெண் கொடுப்பதானாலும் பெண் எடுப்பதானாலும் சண்டை தீர்ப்பதானாலும் அவர் பேசினால் குடும்பம் பேசின மாதிரி. வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்கு அப்புறம் ஒரு ஜாஹா வருகிறது என்றார். பெரிய மனிதர்கள் கூட்டமாக வந்து ஒரு கோரிக்கை வைப்பார்கள். அதை ஒத்துக்கொள்ளும் வரை வீட்டுக் காப்பியைத் தொட மாட்டார்கள். தொடாமலே எழுந்து போனால் அந்த வீட்டின் பேர் போயிற்று. சுஹைபின் குடும்பம், அவனைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி, பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற அபூ நவ்வாஃபை முன்னால் நிறுத்திக் கூட்டி வருகிறது. அவரை ஊரே பாஷா என்றுதான் அழைக்கும். ஜாஹா என்பது வருவதற்கு முன்பே பேசி முடிவது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பதில் என்ன என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கும். “நான் வாக்குக் குடுத்துட்டேன்டா. நீ காப்பி மட்டும் போடு” என்று முடித்தார் அபூ ஸக்ர்.

ஹாயில் போனை வைத்துவிட்டு மகளிடம் வந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, பெரியப்பா எதை வாக்குக் குடுத்தாரு?”

“உன் ஆபீச.”

“அது அவரோடதா?”

“என்னோடதுகூட இல்ல. ஆனா கேக்கப் போறது என்கிட்ட. உன்கிட்ட இல்ல.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னும் கல்யாணமாகாத தங்கைகள் இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. அவர்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அது போதும். பாஷாவின் காப்பி ஆறிப்போன வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்?

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி இஹாபும் கூப்பிட்டார். பாஷா அவரிடமும் பேசியிருந்தார். முடிவு எஞ்சினியரம்மாவுடையது என்று இஹாப் அவருக்குச் சொல்லிவிட்டாராம். ஆனால் ரம்தாவிலும் இர்பிதிலும் நமக்குத் தொழில் நடக்க வேண்டும், பார்த்துச் செய்யுங்கள், லீவு முடிந்ததும் உங்கள் நாற்காலியைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். இவ்வளவும் ஒரே மூச்சில்.

சுஹைபைத் திரும்ப எடுத்தால் நாற்காலி கிடைக்கும். ஆனால் அது வெறும் நாற்காலியாக இருக்கும். பெரிய வீட்டுப் பையனை அவள் அனுப்பினால் அவன் மாமனும் சித்தப்பாவும் போய்க் காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்ரார் அப்புறம் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். எடுக்காவிட்டால் நாற்காலி போகும், அப்பாவின் பேரும் கூடவே போகும்.

அஸருக்குப் பிறகு கார்கள் வரிசையாக வந்து நின்றன. கூடம் நிறைந்தது. பாஷா நடுவில், அவர் பக்கத்தில் சுஹைபின் சித்தப்பா, சுவரோரமாகக் கடைசியில் சுஹைப். பெண்கள் உள் அறைக் கதவுக்குப் பின்னால். பையன் இருக்கிற வீட்டில் பையன் காப்பி ஊற்றுவான். இங்கே ஹாயிலே ஊற்றினார். இடது கையில் காப்பிக் கூஜா, வலது கையில் கிண்ணம். சர்க்கரை இல்லாத கசப்புக் காப்பி. பாஷா வாங்கினார், குடிக்காமல் முன்னால் இருந்த மேஜையில் வைத்தார்.

பாஷாவுக்குப் பேசத் தெரியும். ரம்தாக்காரர்களின் விருந்தோம்பலைப் பற்றி, மாலுமிகளின் தைரியத்தைப் பற்றி, ஹாயிலின் மகள் குடும்பத்துக்குச் சேர்த்த பெருமையைப் பற்றி அழகாகச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். “எங்க பையன் தெரிஞ்சோ தெரியாமலோ ஒரு தப்புப் பண்ணிட்டான். வேலைன்னா தப்பு வர்றதுதான். அவன் பழையபடி அவன் எடத்துல உக்காரணும். இந்தக் காப்பிய எங்களக் குடிக்க வைங்க.”

அபூ ஸக்ர் தொண்டையைச் செருமினார். குடியுங்கள் பாஷா, வந்த காரியம் முடிந்தது என்று சொல்ல வேண்டும்; அவ்வளவுதான் பாக்கி. அதற்கு முன்னால் ஹாயில் அவர் முழங்காலில் கை வைத்தார்.

“அண்ணே, இரு. பாஷா, நீங்க என் காரக் கேட்டா சாவிய இப்பவே தூக்கித் தருவேன். வீட்டக் கேட்டா நாளைக்குக் காலி பண்ணுவேன். நீங்க கேக்கறது இந்த வீட்ல இருக்கு, ஆனா என் பையில இல்ல.” உள் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ருவைதா, இங்க வாம்மா.”

கூடத்தில் ஒரு அசைவு ஓடியது. ஜாஹா உட்கார்ந்த கூடத்துக்குள் பெண் வந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் அம்மா மகளின் தலைத்துணியைச் சரிசெய்தாள். “கொரல் நடுங்குச்சுன்னா தண்ணி கேளு. குடிக்கற நேரத்துல யோசிச்சுக்கலாம்” என்று காதோடு சொன்னாள்.

ருவைதா வந்தாள். ஹாயில் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கூஜாவோடு பக்கத்தில் நின்றார். அவள் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு பதில் சொன்னால் விசாரணைக்கு வந்தவள் ஆகிவிடுவாள், அது அவளுக்குத் தெரியும். தண்ணீர் கேட்கவில்லை.

“பாஷா, நீங்க இந்த வாசப்படி ஏறினது எங்களுக்கு மரியாத. எனக்கு சுஹைப் ஒரு கெடுதலும் பண்ணல. பண்ணியிருந்தா உங்க முகத்துக்காக இப்பவே மன்னிச்சுருப்பேன். ஆனா ஜாஹா அடிபட்டவங்க வீட்டுக்குத்தான போகும்? நீங்க வீடு மாறி வந்துட்டீங்க.”

“எந்த வீடும்மா?”

“ஹுஸ்ன் முகாம்ல இருக்கு. எந்த வீடு, எதுக்குன்னு சுஹைபுக்குத் தெரியும்.”

எல்லாத் தலைகளும் சுவரோரம் திரும்பின. சுஹைப் தன் கைகளைப் பார்த்தான். சித்தப்பா அவசரமாக, தப்பு லாரி விஷயம்தானே, அதில் முகாம் எங்கே வருகிறது என்று கேட்டார். என்ன நடந்தது என்பதை ருவைதா அங்கே அவிழ்க்கப் போவதில்லை என்பது பாஷாவுக்குப் புரிந்தது. ஆண்கள் நிறைந்த கூடத்தில் ஒரு பெண்ணின் பேரை எடுக்க அவள் விரும்பவில்லை. பையனின் முகத்திரையையும் அவள் கிழிக்கவில்லை. பாஷா தாடையைத் தடவினார்.

“சரி. அந்த வீட்ல எங்களுக்குக் காப்பி குடுத்துட்டாங்கன்னா?”

“அது மன்னிப்பு, பாஷா. வேல வேற. வேலயப் பத்திப் பேச ஆபீஸ் இருக்கு. அங்க சுஹைப் தனியா வரணும், சித்தப்பா இல்லாம.”

யாரோ ஒரு கிழவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அபூ ஸக்ரின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. காப்பி மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. இனி பாஷா எழுந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

அப்போது ஹாயில் ஒரு காரியம் செய்தார். அந்த ஊரில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை, செய்யவும் தோன்றாது. மேஜையிலிருந்த கிண்ணத்தை எடுத்தார், ஆறின காப்பியைச் சாம்பல் தட்டில் கொட்டினார், கிண்ணத்தை அலசினார், புதிதாக ஊற்றி பாஷாவிடம் நீட்டினார். “அது ஜாஹா காப்பி. ஆறிப் போச்சு, விடுங்க. இது விருந்தாளிக் காப்பி. இதுல கோரிக்கை கெடையாது. ஹாயில் வீட்டுக்கு வந்த எவனும் வாய் நனையாமப் போனதில்ல, நீங்களா போகப் போறீங்க?”

பாஷா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு ருவைதாவை. வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, போதும் என்று கிண்ணத்தை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். அவர் குடித்ததும் மற்றவர்களும் கை நீட்டினார்கள். வெயிலில் வந்தவர்கள்; எல்லாருக்கும் நா வறண்டுதான் இருந்தது.

கார்கள் போனதும் அபூ ஸக்ர் வாசலில் தம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பொம்பளையைக் கூடத்தில் உட்கார வைத்துத் தன் வாக்கைக் கொன்றுவிட்டதாகச் சொன்னார். “நீ உன் வீட்ல இருந்து எதையாவது குடுத்திருந்தா நான் வாயத் தெறந்திருக்க மாட்டேன்ணே” என்றார் ஹாயில். அண்ணன் அதற்கப்புறம் வெகுநாள் அந்தப் பக்கம் வரவில்லை.

லீவு முடிந்து அலுவலகம் திறந்தபோது அப்ரார் எல்லாருக்கும் முன்னால் வந்து ருவைதாவின் அறை வாசலில் காத்திருந்தாள். கையில் ஒரு பொட்டலம், அப்பா கடை ஃபலாஃபில். முந்தின நாள் நடந்ததை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முகாம் தெருமுனையில் பெரிய கார்கள் வந்து நின்றன. தெருவுக்குள் வர இடம் இல்லை. கார்களுக்குள் ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. கதவுகள் திறந்து மூடின. பிறகு கார்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கமாகவே திரும்பிப் போயின. ஒன்று மட்டும் நின்றது. அதிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, மாடிப்படி ஏறி வந்தார்.

அப்ரார் வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பெரியவரை உட்கார வைத்து அவள் அப்பா திகைத்துப்போய் நின்றார். பாஷா காப்பிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எங்கள் பையன் தன் தப்பை உங்கள் மகள் பேரில் போட்டுவிட்டான், அதை இப்போதுதான் காரில் வைத்துச் சொன்னான் என்றார். “நான் எதுவும் கேக்க வரல. என்ன ஏதுன்னு கேக்காம ஒரு கோரிக்கையத் தூக்கிட்டு அலஞ்சேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.” அப்ராரின் அப்பா பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கடையிலிருந்து ஒரு தட்டு ஃபலாஃபில் கொண்டுவரச் சொன்னார். பாஷா எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

“என்னப் பாத்து ஒரு வார்த்த பேசல எஞ்சினியரம்மா. போகும்போது மட்டும் தலைய ஆட்டினாரு.”

“உங்க அப்பா?”

“இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலன்னு சத்தம் போட்டாரு. அப்புறம் இதக் குடுத்து விட்டாரு.”

இருவரும் ஃபலாஃபிலைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

சுஹைப் வரவில்லை, தனியாகவும் வரவில்லை. அம்மானில் வேறு கம்பெனியில் சேர்ந்தான் என்று பிறகு தெரிந்தது. அவன் மூளைக்கு வேலை கிடைப்பதா கஷ்டம்?

இரண்டு நாள் கழித்து இஹாப் கூப்பிட்டார். ‘தற்காலிகம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டதாகச் சொன்னார். நாற்காலி இனி அவளுடையது. அதோடு நிறுத்தியிருக்கலாம், பேச்சோடு பேச்சாக, பாஷா போன் செய்திருந்ததையும் சொன்னார். உங்கள் இர்பித் அலுவலகத்துக்குத் தலைமை இருக்கிறது, வேறு ஆள் தேடி அலையாதீர்கள் என்றாராம்.

ருவைதாவுக்கு அது சுருக்கென்றது. பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசை மறுத்ததற்காக, அதே பெரிய மனிதரின் சிபாரிசில் நாற்காலி வந்து நிற்கிறது.

“நீங்க முடிவு பண்ணினது அவரு போனுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டாள்.

முன்னாடியேதான் என்றார் இஹாப், கொஞ்சம் வேகமாக. அது உண்மையா என்று அவள் தோண்டவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த பெருநாளுக்கான விதிகளில் ஒன்றைக் கூட்டினாள். இருக்கையை விட்டு எழுந்தால் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். முதலாளி வந்தாலும் அதே விதி.

ரம்தாவில் செய்தி பரவ நேரமாகவில்லை. பாதி ஹாயிலே பரப்பியது. காப்பிக் கடையில் அந்தக் கதையை அவர் சொல்லும்போது பாஷாவின் கார்கள் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போயின. அதன் பலனும் அவர் தலையிலேயே விடிந்தது. மகனுக்கு வேலை, மருமகனுக்கு வேலை, தங்கை பெண்ணுக்கு வேலை என்று ஆட்கள் அவர் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் மேஜையில் வைப்பார்கள். ஹாயில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“எடுத்துக் குடி” என்பார். “அது விருந்தாளிக் காப்பி. வேலன்னா ஆபீஸ் காலையில எட்டு மணிக்குத் தெறக்குது. அங்க காப்பி கெடையாது.”